சீருடைக்கு வெளியே ஒருவர்: முன்னாள் படைவீரர் சங்கமொன்றில் குறைகேள் அதிகாரி நியமனம்

ஆய்வின் எல்லை

மலேசியாவின் பேரா மாநிலத்துத் தோட்ட நகரமொன்றில் இயங்கும் முன்னாள் படைவீரர் நலச்சங்கம், தன் செயலவைக்கு (நிர்வாகக் குழுவுக்கு) கட்டுப்படாத குறைகேள் அதிகாரி ஒருவரை நியமிக்க இரண்டு முறை முயன்றது. முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது, குறைகளோடு நிலைத்தது. தேர்வுக் குழுவில் இருந்த ஐவரில் நானும் ஒருவன். படையில் பணியாற்றாதவன், அவ்வூர்த் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்து இதை எழுதுகிறேன். ஒரு நாட்டின் இராணுவத்துக்கு ஓம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியை நியமிப்பதும் தொண்ணூறு சொச்சம் குடும்பங்கள் கொண்ட சங்கத்துக்கு ஒருவரை நியமிப்பதும் ஒன்றாகா. ஆயினும் மேலதிகாரியின் கை வழியாகவே அவர்மீதான புகாரும் போக வேண்டியிருக்கும் நிலை இரண்டுக்கும் பொதுவானது என்பதால், பிற நாட்டு இராணுவங்களின் அனுபவம் எங்களுக்குப் பயன்பட்டது.

பின்னணி

ஒரே நீண்ட கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பராக இருந்து பின்னர் செம்பனையாக மாறிய தோட்டங்கள்: ஊர் இவ்வளவுதான். தோட்டங்கள் ஆள்குறைப்புச் செய்தபோது லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகரத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் குடியேறின. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இராணுவத்தில் சேர்ந்தனர். அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கு மட்டும் உரியது என்பதால், இவர்கள் ரேஞ்சர் படைப்பிரிவிலும் பொறியியல், சமிக்ஞை, போக்குவரத்துப் பிரிவுகளிலும் பணியாற்றினர்.

சாதாரண நிலை வீரர்கள் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளியேறியவர்கள். படைவீரர் சேமநிதியிலிருந்து கிடைத்த தொகை வீட்டுக்கு முன்பணமாகவோ பிள்ளைகளின் படிப்புக்கோ கரைந்துவிட, மாத வருமானம் என்று ஒன்றும் இல்லாமல் காவலாளிகளாகவும் லாரி ஓட்டுநர்களாகவும் வேலை செய்கிறார்கள். ஆகவே, சங்கம் தரும் மரண சகாய நிதியும் பள்ளி உதவித்தொகையும் அவர்களுக்குச் சிறு தொகைகள் அல்ல.

சங்கம் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது. ஒன்பது பேர் கொண்ட செயலவை உதவி விண்ணப்பங்களை முடிவு செய்யும். தலைவர் வாரண்ட் அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் ஐம்பது, அறுபது வயது ஆண்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நிற்பார்கள். சீருடையைக் கழற்றிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவரை "துவான்" (ஐயா) என்றுதான் அழைப்பார்கள். இந்த மரியாதையில் பொய்யில்லை. அதுவே பின்னால் தடையாகவும் ஆயிற்று.

நிகழ்வின் தொடக்கம்

முதலாம் ஆண்டின் தொடக்கத்தில், லான்ஸ் கோப்ரலாகப் பணியாற்றிய ஓர் உறுப்பினர் இறந்தார். சங்க விதிப்படி இரண்டு வாரங்களுக்குள் அவர் மனைவிக்குத் தரப்பட வேண்டிய மரண சகாய நிதி 2,000 வெள்ளி (ரிங்கிட்) எட்டு மாதங்களாகியும் தரப்படவில்லை. இறந்தவர் முந்தைய பொதுக்கூட்டத்தில் கணக்கு பற்றிக் கேள்வி எழுப்பிப் பொருளாளரோடு வாக்குவாதம் செய்தவர். தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று அந்த அம்மையார் நம்பினார். சந்தாப் பாக்கிதான் காரணம் என்றார் பொருளாளர். எது உண்மை என்பதைவிட, அந்த அம்மையார் எழுதிய கடிதம் போன வழியே எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. செயலாளரிடம் கொடுத்த கடிதத்தை அவர் வழக்கப்படி "நடவடிக்கைக்கு" என்று குறித்துப் பொருளாளரிடமே அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் பொருளாளரின் மனைவி காய்கறிக் கடையில் வைத்து, "ஏன்கா, எங்க வீட்டுக்காரரைப் பத்தி எழுதிக் கொடுத்தீங்களாமே" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் அதன்பின் சங்கப் பக்கமே வரவில்லை.

ஏறத்தாழ அதே நேரத்தில், பணியில் இருக்கும் இளம் வீரர் ஒருவரின் தாயார், படைமுகாமில் மகனுக்கு மேல்நிலை வீரர் ஒருவரால் தொல்லை என்று சங்கத்திடம் வந்தார். 1972ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டம் பணியிலுள்ள வீரருக்கு முறையிடும் உரிமையை அளிக்கிறது. ஆனால் முறையீடு அவருடைய கட்டளை அதிகாரியிடமிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும். "அவங்ககிட்டயே போய் அவங்களைப் பத்தி எப்படிங்க ஐயா சொல்றது" என்று அந்தத் தாயார் கேட்டபோது, அங்கிருந்த செயலவையினர் தலையசைத்து அனுதாபம் தெரிவித்தனர். அதே கேள்வி தங்கள் சங்கத்துக்கும் பொருந்தும் என்பது அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கவனித்தவை

உறுப்பினர்கள் பதினொருவர் சந்தாவை நிறுத்திய பிறகே செயலவை விழித்துக்கொண்டது. இருவர் வீடு வீடாகச் சென்று பேசினர். குறை இல்லாதவர் எவரும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மையார் ஒருவர்தான். மண்டப வாசலில் "புகார்ப் பெட்டி" என்று ஒரு தகரப்பெட்டி பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, சாவி செயலாளரின் மோட்டார் சைக்கிள் சாவிக் கொத்திலேயே இருந்தது தெரியவந்தது. உள்ளே ஒரு தீபாவளி அன்பளிப்புக் கூப்பனும் இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளும் செத்துக் காய்ந்த பல்லி ஒன்றும் கிடந்தன.

முதல் நியமனம்

தனியாக ஒருவர் வேண்டும் என்று செயலவை தீர்மானித்தது. தகுதிகளையும் செயலவையே வகுத்தது: குறைந்தது பத்தாண்டு படைப்பணி, சார்ஜன் அல்லது அதற்கு மேற்பட்ட நிலை, உள்ளூர் வாசம். படைவீரரின் குறை படைவீரருக்குத்தான் புரியும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. இரண்டாம் ஆண்டு ஜனவரியில் ஓய்வுபெற்ற சார்ஜன் ஒருவர் நியமிக்கப்பட்டார். நேர்மையானவர், கைசுத்தமானவர், யாரிடமும் கடன்படாதவர். மாதம் 200 வெள்ளி அலவன்ஸ், பொருளாளரின் கையெழுத்தோடு கொடுக்கப்பட்டது.

ஏழு மாதங்களில் இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று மண்டபத்து மின்விசிறி பற்றியது, மற்றொன்று கூட்ட நாளில் வாகனம் நிறுத்துவது பற்றியது. ஓர் உறுப்பினர் எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார்ஜன் தங்கமான மனுஷன்தாங்க. ஆனா துவான் வந்தா அவரும் எங்களோட சேர்ந்து எழுந்திருச்சுதானே நிக்கிறாரு." சார்ஜனும் தலைவரும் ஒரே படையணியில் மேலும் கீழுமாகப் பணியாற்றியவர்கள் என்பதைத் தேர்வின்போது ஒரு சிறப்பாகவே கருதியிருந்தார்கள்.

பிற நாடுகளின் ஏற்பாடுகளைப் படித்தது

அவ்வாண்டுப் பொதுக்கூட்டம், செயலவையிலிருந்து இருவரும் உறுப்பினர்களில் ஒருவரும் வெளியார் இருவருமாக ஐவர் கொண்ட தேர்வுக் குழுவை அமைத்தது. அந்த உறுப்பினர் லெபனானில் ஐக்கிய நாட்டு அமைதிப்படையில் பணியாற்றியவர். அங்கே அயர்லாந்துப் படையினரோடு பழகியபோது, தங்கள் நாட்டில் வீரர்களின் குறைகளை விசாரிக்கப் படைக்கு வெளியே ஓர் அதிகாரி இருக்கிறார் என்று அவர்களில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறார். அயர்லாந்து அதற்கென 2004இல் சட்டம் இயற்றியது. அவர் சொன்ன அந்த ஒரு செய்தியிலிருந்துதான் எங்கள் தேடல் தொடங்கியது.

நோர்வே 1952இலேயே படையினருக்கான நாடாளுமன்றக் குறைகேள் அமைப்பை உருவாக்கியது. ஜெர்மனி, உலகப் போருக்குப் பின் புதிய இராணுவத்தை அமைத்தபோது, 1956இல் அரசியல் சட்டத்திலேயே படையினருக்கான நாடாளுமன்ற ஆணையர் பதவியைச் சேர்த்தது. முதல் ஆணையர் 1959இல் பொறுப்பேற்றார். அவரை அமைச்சர் நியமிப்பதில்லை. நாடாளுமன்றம் இரகசிய வாக்கெடுப்பில் ஐந்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. எந்த வீரரும் மேலதிகாரி வழியாகச் செல்லாமல் அவருக்கு நேரடியாக எழுதலாம். அவர் முன்னறிவிப்பின்றி எந்தப் படைமுகாமுக்கும் செல்லலாம். தொடக்கத்தில் ஆணையராக வருபவர் படையில் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் இருந்து, 1990இல் நீக்கப்பட்டது. 1995இல் முதன்முறையாக ஒரு பெண் அப்பதவிக்கு வந்தார். எங்கள் செயலவை வகுத்த "பத்தாண்டு படைப்பணி" என்ற விதியைக் குழு கைவிட்டதற்கு இந்த ஒரு செய்தி பெரிதும் காரணம்.

பிரிட்டனில் டீப்கட் முகாமில் 1995க்கும் 2002க்கும் இடையே நான்கு இளம் வீரர்கள் இறந்ததை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 2008இல் புகார் ஆணையர் பதவி உருவானது. ஆனால் அவரால் தாமே விசாரிக்க முடியவில்லை. புகாரைப் படைக்கே அனுப்பி, அது என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் முடிந்தது. விசாரணை அதிகாரத்தோடு கூடிய ஓம்புட்ஸ்மன் 2016இல்தான் வந்தார். செயலாளர் "நடவடிக்கைக்கு" என்று எழுதிய கடிதம் எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

கனடாவின் அனுபவம் வேறு விதமாக எச்சரித்தது. சோமாலியாவில் 1993இல் தம் படையினர் நடந்துகொண்ட விதம் பெரும் அவமானமாக வெடித்த பின், 1998இல் அங்கு குறைகேள் அதிகாரி நியமிக்கப்பட்டார். படையினர் அல்லாதவர், முன்னாள் அரசு வழக்கறிஞர். ஆனால் அந்தப் பதவி தற்காப்பு அமைச்சரின்கீழ் அமைந்தது. அப்பதவியில் இருந்தவரே 2021இல், தம் அலுவலகம் அமைச்சருக்கு அல்லாமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கோர வேண்டியிருந்தது. வெளியாளைக் கொண்டுவந்தால் போதும் என்று எண்ணியிருந்த எனக்கு இது உறைத்தது. அவரை யார் நியமிக்கிறார், யார் சம்பளம் கொடுக்கிறார், யார் நீக்கலாம் என்ற மூன்றையும் மாற்றாவிட்டால், வெளியாளும் ஓராண்டில் உள்ளாளாகிவிடுவார். எங்கள் சார்ஜனிடம் குறையில்லை. அவரை உட்கார வைத்த நாற்காலியில்தான் குறை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குறைகேள் அதிகாரியைச் செயலவை அல்லாமல் பொதுக்கூட்டமே இரகசிய வாக்கெடுப்பில், வந்திருப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவோடு தேர்ந்தெடுக்க வேண்டும்; நீக்குவதற்கும் அதே விதி. பதவிக்காலம் மூன்றாண்டு, மறுநியமனம் இல்லை. ஜெர்மனியில் மறுதேர்வுக்கு இடமுண்டு. எங்கள் ஊரில் மறுநியமனத்தை எதிர்பார்ப்பவர் மூன்றாம் ஆண்டில் மெல்லப் பேசத் தொடங்குவார் என்று அஞ்சியே அதை விலக்கினோம். மூன்றாண்டு அலவன்ஸ் முழுவதையும் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் போட்டு, அதைச் சங்கத்தின் கணக்காய்வாளர்கள் இருவர் பொறுப்பில் விட்டோம். பொருளாளரின் கையெழுத்து இனித் தேவையில்லை. கூட்டக் குறிப்பேடு, காசேடு, விண்ணப்பக் கோப்பு எதையும் அதிகாரி கேட்டால் ஏழு நாட்களில் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தோம்.

அவருடைய பரிந்துரை செயலவையைக் கட்டுப்படுத்துமா என்பதில்தான் குழு இரண்டு மாலைகள் மோதிக்கொண்டது. கட்டுப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து, நான் தோற்றேன். மற்றவர்கள் சொன்னது: தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கொடுத்தால் அவரே இரண்டாவது தலைவராகிவிடுவார், அடுத்த தேர்தலில் அவரைப் பிடிக்கவும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். இறுதியில், பரிந்துரை மட்டுமே செய்வார், செயலவை 30 நாட்களில் எழுத்தில் பதிலளிக்க வேண்டும், ஏற்க மறுத்தால் அந்தப் பதில் பொதுக்கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று.

உறவு பற்றிய விதி எதிர்பாராத சங்கடத்தைத் தந்தது. "உறுப்பினரின் உறவினர் கூடாது" என்று முதலில் எழுதினோம். மூன்று தலைமுறையாக ஒரே தோட்டங்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்த ஊரில் அந்த விதிக்குத் தப்புபவர் புதிதாக வந்த மருந்தகக்காரர் ஒருவர்தான். ஆகவே கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் என்று வரையறுத்து, மற்ற உறவுகளை விண்ணப்பத்திலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று மாற்றினோம். அரசியல் கட்சிப் பதவியில் இருப்பவர்களையும் விலக்கினோம்.

தேர்வு

அறிவிப்பைக் கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒட்டினோம். வாட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்பினோம். விண்ணப்பித்த ஆறு பேரில் நால்வர் தகுதி பெற்றனர். நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே சூழலைக் கொடுத்தோம்: பொருளாளர் மீது கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வருகிறது; மறுநாள் தலைவர் உங்களைத் தேநீருக்கு அழைத்து, எழுதியது யார் என்று அன்பாகக் கேட்கிறார்; என்ன செய்வீர்கள்?

ஒருவர், அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடுவேன் என்றார். இன்னொருவர், தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிடுவேன் என்றார். மூன்றாமவர் நீதி நேர்மை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நான்காமவர், தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் மகள், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களையே திருப்பிக் கேட்டார்: "கடிதம் வந்தது தலைவருக்கு எப்படித் தெரிந்தது? என் அலமாரிச் சாவி இன்னொருவரிடமும் இருக்கிறதா?" பிறகு, அழைப்பை ஏற்று, சங்க அலுவலகத்தில் இன்னொருவர் முன்னிலையில் சந்திப்பேன் என்றும், எழுதியவரைப் பற்றிப் பேச முடியாது என்று தலைவரிடம் நேரிலேயே சொல்வேன் என்றும் கூறினார். அவரைப் பரிந்துரைக்கக் குழுவுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அவருடைய சிற்றப்பா மகன் ஒருவர் சங்க உறுப்பினர் என்பதை அவரே முதலில் எழுதியிருந்தார்.

பொதுக்கூட்டத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. "பூட்ஸ் போடாதவங்களுக்கு எங்க வலி என்ன தெரியும்" என்ற குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. பதில் சொன்னவர் எதிர்பாராத ஒருவர்: பதவியை விட்டுச் சென்றிருந்த அதே சார்ஜன். தமக்கு வலி தெரிந்ததாகவும் ஆனால் யாரும் வந்து சொல்லவில்லை என்றும் மட்டும் கூறி உட்கார்ந்தார். வந்திருந்த 58 பேரில் 41 பேர் ஆதரித்தனர். மூன்றாம் ஆண்டு ஜனவரியில் அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மையார் பொறுப்பேற்றார். ஓய்வூதிய விதி, சேமநிதி, படைநிலைகள், விண்ணப்பப் பாரங்கள் பற்றி இரண்டு உறுப்பினர்கள் ஒரு வாரம் அவருக்கு விளக்கினர்.

தொடர்ந்து நடந்தவை

முதல் மூன்று மாதம் ஒரு புகாரும் இல்லை. அவர் மண்டபத்து அறையில் உட்கார்ந்ததே காரணம் என்று ஊகித்து, சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு மாறினார். அதன்பின் வரத் தொடங்கினார்கள், பெரும்பாலும் பெண்கள். பதினெட்டு மாதங்களில் 31 முறையீடுகள் பதிவாயின. அவற்றில் 14 சங்கத்துக்கு அப்பாற்பட்டவை. பெரும்பாலும் அரசாங்க அலுவலகங்கள் தொடர்பானவை. அவற்றை எங்கே கொண்டுபோவது என்று எழுதிக் கொடுத்தார். சில, 1971இல் அரசாங்கம் தொடங்கிய பொதுப் புகார் பணியகத்துக்குப் போயின.

கணவரை இழந்த அந்த அம்மையாரின் கோப்பை அதிகாரியே கேட்டு வாங்கிப் படித்தார். சந்தாப் பாக்கி இருந்தது உண்மை: இரண்டு மாதம், 10 வெள்ளி. அதைவிடக் கூடுதல் பாக்கி வைத்திருந்த இருவரின் குடும்பங்களுக்கு முன்பு உரிய காலத்தில் பணம் தரப்பட்டதும் அதே கோப்பில் இருந்தது. பரிந்துரை வந்த ஒன்பதாம் நாள் 2,000 வெள்ளி கொடுக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி கூட எழுதப்படவில்லை. அந்த அம்மையார் மீண்டும் சங்கத்தில் சேரவில்லை.

பணியிலிருந்த இளம் வீரரின் தாயாரும் வந்தார். அவ்விஷயத்தில் தமக்கு அதிகாரம் இல்லை என்று முதலிலேயே தெளிவாக்கிய அதிகாரி, விடுப்பில் வந்திருந்த மகனையே உட்கார வைத்து, நாள், நேரம், இடம், உடனிருந்தோர் ஆகியவற்றோடு கட்டளை அதிகாரிக்கான முறையீட்டை மலாயில் அவர் கைப்பட எழுதச் செய்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளச் சொன்னார். நான்கு மாதத்தில் மகன் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டார். அது நிவாரணமா, தண்டனையா என்பதில் தாயாருக்கு இன்னும் தெளிவில்லை.

கடினமான புகார் அதிகாரியின் பதவிக்காலத்தின் இரண்டாம் ஆண்டில் வந்தது. தலைவரின் மைத்துனர் மகனுக்குப் பள்ளி உதவித்தொகை, காத்திருப்புப் பட்டியலைத் தாண்டிக் கொடுக்கப்பட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அதிகாரி குறிப்பேட்டைக் கேட்டார். ஏழு நாள் விதி பத்தொன்பது நாளாக நீண்டது. கணக்காய்வாளர்கள் விதியைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிய பிறகு, தலைவர் தாமே குறிப்பேடுகளை ஓர் அரிசிப் பையில் போட்டு எடுத்துவந்து, நூலகத்தில் ஆட்கள் இருக்கும்போது மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். புகார் சரி என்று கண்ட அதிகாரி, அத்தொகையைத் திரும்பப் பெறவும் பட்டியலைப் பொதுவில் ஒட்டவும் பரிந்துரைத்தார். செயலவை முதலாவதை மறுத்தது, இரண்டாவதை ஏற்றது. மறுப்புக் கடிதம் பொதுக்கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்பட்டபோது மண்டபம் அமைதியாக இருந்தது. அதே கூட்டத்தில் தலைவர் மீண்டும் வெற்றி பெற்றார், முன்னைவிடக் குறைந்த வாக்குகளில். பட்டியல் இப்போது சுவரில் இருக்கிறது. சந்தாவை நிறுத்திய பதினொருவரில் ஆறு பேர் திரும்பினர்.

மாற்ற வேண்டியவை

சார்ஜனை நாங்கள் நடத்திய விதம் தவறு. பதவி முடிவுக்கு வருவதை அவர் எங்களிடமிருந்து அல்ல, தேநீர்க் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிரவே ஒருவர் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து பேசியது அவருடைய பெருந்தன்மை, எங்கள் முன்யோசனை அல்ல.

தேர்வுக் குழுவில் செயலவையினர் இருவர் இருந்ததும் தவறு. புகாருக்கு உள்ளாகக்கூடியவர்கள் நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். விளைவு கெடவில்லை என்றாலும், பார்ப்பவர்களுக்கு அது நன்றாகப்படவில்லை. அதிகாரி அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வாரம் இல்லாதபோது மாற்று ஏற்பாடு இல்லாமல் இரண்டு புகார்கள் கிடப்பில் கிடந்தன. துணை ஒருவரையும் பொதுக்கூட்டமே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நூலகமும் முழுத் தீர்வல்ல. சனிக்கிழமை காலையில் அந்தப் படிக்கட்டில் யார் ஏறுகிறார் என்று எதிர்ப்புறக் கடையிலிருந்து தெரியும். தொலைபேசியில் சொல்பவரின் முறையீட்டை அதிகாரியே எழுதிக்கொள்ளும் முறையைத் தொடக்கத்திலேயே வைத்திருக்கலாம்.

பரிந்துரை செயலவையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற என் கருத்தை நான் இப்போது பாதி மாற்றிக்கொண்டிருக்கிறேன். உதவித்தொகை விஷயத்தில் செயலவை மறுத்தது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வாசிக்கப்பட்ட அந்தக் கடிதத்தை இன்றும் ஊரில் வரி வரியாகச் சொல்கிறார்கள்.

அம்மையாரின் பதவிக்காலம் அடுத்த ஆண்டு இறுதியில் முடிகிறது. புதிய அறிவிப்பை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறோம். தோட்டத்தை விட்டு வெளியூரில் படித்து வந்த, படைவீரர்களின் பிள்ளைகள் சிலர் விண்ணப்பிக்க விரும்புவதாகச் சொல்கிறார்கள். தற்போதைய விதிப்படி அவர்களுக்கு இடமில்லை. விதியைத் தளர்த்தலாமா என்பதில் குழு மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பொதுக்கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும்.